ஏழாவது பத்தி

செங்கல்பட்டில் ஒரு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிரஸ்தார் என்றால் நீதிபதிக்கு அடுத்த நாற்காலி என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் செய்த வேலை, வக்கீல்கள் தாக்கல் செய்யும் மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பது. முத்திரைக் கட்டணம் போதவில்லை, ஓரம் விடவில்லை, எந்தப் பிரிவின் கீழ் என்று குறிப்பிடவில்லை. மனுவின் பின்புறம் சிவப்பு மையில் காரணம் எழுதி நீட்டுவேன். பெண் பார்க்கப் போய் வேண்டாமென்று சொல்லப்பட்ட வீட்டார் போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். இதற்கு எங்கள் ஊரில் ‘ரிட்டர்ன்’ என்று பெயர். வருடக்கணக்கில் ரிட்டர்ன் போட்டதில் எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது: உலகத்தில் ஒழுங்காக ஒரு காகிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்படிப்பட்ட நான் ஓய்வுக்குப் பிறகு எழுதிய முக்கியமான காகிதம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு குற்றம் இருந்தது. காகிதத்தைப் பற்றிய குற்றம் இல்லை, காகிதமே குற்றம். அதில் கையெழுத்துப் போட்டவர் நான் இல்லை என்பதுதான் இன்று வரை என்னைச் சரியாகச் சாப்பிடவிடாமல் செய்கிற விஷயம்.

ஓய்வுப் பணத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்வாங்கிய ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டியிருந்தோம். ஐந்து நிமிடம் நடந்தால் மீனவர் குப்பம். அங்கிருந்து ஓர் அம்மா தினமும் காலையில் அலுமினிய அன்னக்கூடையில் மீன் கொண்டுவருவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வீட்டுக்காரருக்கும் மச்சினருக்கும் பொதுவில் ஒரு ஃபைபர் படகு. குப்பத்துப் பெண்கள் குழுவுக்கு இவர்தான் தலைவி. என்னை ‘சார்’ என்பார். கூடவே ‘நீ’ என்பார். அது அந்தக் கடற்கரையின் இலக்கணம். அதில் மரியாதைக் குறைவு இல்லை.

வெயில் காலத்தில் அந்தப் பெண்கள் நெத்திலியையும் வாளையையும் பொதுவில் உப்புப் போட்டுக் காய வைப்பார்கள். குப்பத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற மணலில் பழைய வலைகளை விரித்து, அதன்மேல் மீன். மழை மாதங்களில் படகு கரையில் கிடக்கும்போது அந்தக் கருவாடுதான் அடுப்பெரியச் செய்யும். அந்த மணலுக்குச் சற்று வடக்கே ஒரு ரிசார்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வந்து குளிக்கிறவர்கள் குளித்த தண்ணீரும் பிறவும் ஒரு தொட்டியில் சேரும். அதை லாரி உறிஞ்சி எடுத்து, சுத்திகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. விதியைவிடச் சவுக்குத் தோப்பு பக்கம். ஒரு நாள் காலை லாரி தோப்புக்குப் பின்னால் நின்று குழாயைத் திறந்துவிட்டது. பள்ளம் பார்த்து ஓடிய தண்ணீர் வலைகளுக்கு அடியில் புகுந்தது.

அந்த அம்மாவின் மருமகள் செல்போனில் முழுவதையும் எடுத்துவிட்டாள். லாரியின் எண் தெரிகிறது. பின்னால் வா, வா என்று கைகாட்டுகிற ரிசார்ட் காவலாளியின் சட்டையில் ரிசார்ட்டின் பெயர் தெரிகிறது. கறுப்புத் தண்ணீர் மீனைத் தூக்கிக்கொண்டு போவது தெரிகிறது. முப்பது வருடத்தில் அவ்வளவு சுத்தமான ஒரு சான்றாவணத்தை நான் பார்த்ததில்லை.

அம்மா ரிசார்ட்டுக்குப் போனார். மேனேஜர் வாசலிலேயே நிறுத்தி, கடல் தண்ணீர் ஏறியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

“கடல் தண்ணில சோப்பு நாத்தம் இன்னாத்துக்குடா வருதுன்னு கேட்டேன் சார். வாட்ச்மேனைக் கூப்டு வெளிய தள்ளுன்றான். அவன் என்னைத் தள்ளுவானா? அவன் பொண்டாட்டி எங்க குழுவுல கீறா.”

அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தார். மீன் விற்கிற அவசரம் இல்லாத முகம்.

“கோர்ட்டுல இருந்தவன் நீ. உனக்கு வழி தெரியும். மொத்தமும் போச்சு சார். போனதுக்கு ஆனதைக் குடுக்கச் சொல்லு. அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் வாணாம்.”

வழி தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலைக் கேட்டு வாங்கி, நட்டத்தை மட்டும் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். பதில் இல்லையென்றால் வழக்குப் போடலாம். இந்த ஒவ்வொரு வழியும் எவ்வளவு நீளம் என்பதும் எனக்குத் தெரியும். வாய்தா கேட்டுக் கேட்டு வாதி செத்துப்போன வழக்குக் கட்டுகளை நானே கயிறு கட்டி அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். வழியை மதிக்கிறவர்கள் அதில் நடந்திராதவர்கள்தான். நான் அதை உள்ளிருந்து பார்த்தவன். எனக்கு அதன்மேல் மரியாதை கிடையாது.

அந்தச் சமயத்தில் செல்போனில் எல்லோரும் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ஹோட்டல் பிரியாணியில் கிடந்த ஏதோ ஒன்றைப் படம் எடுத்து முதலாளியிடம் காட்ட, அவர் அங்கேயே ஒரு தொகை கொடுத்தாராம். அந்தக் கதை உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. ரிட்டர்ன் போடாமல் ஏற்றுக்கொண்ட ஒரே மனு அதுதான் போலும்.

“நீங்க போய்ட்டு நாளைக்கு வாங்கம்மா. நான் ஒரு நோட்டீஸ் எழுதித் தர்றேன். வக்கீலெல்லாம் வேண்டாம்” என்றேன்.

அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றவனின் பகல் எவ்வளவு நீளமானது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. மேசையைத் துடைத்தேன். நல்ல தாள் எடுத்தேன். ஒழுங்காக ஓரம் விட்டேன். பொருள், பார்வை, அதன் கீழே எண் போட்ட பத்திகள். முதல் ஆறு பத்திகளும் இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். இன்ன நாள், இன்ன லாரி, இன்ன சேதம். இழப்பீடு என்ற இடத்தில், மன உளைச்சலையும் சேர்த்து, கருவாட்டின் மதிப்பைப் போல நான்கு மடங்கு போட்டேன். நீதிமன்றம் எப்போதும் பாதியாக வெட்டும், அந்தப் பாதியை மேல்முறையீட்டில் வெட்டுவார்கள் என்ற பழக்கத்தில் போட்டது. இங்கே வெட்டுவதற்கு யாரும் இல்லை என்பது தோன்றவில்லை.

ஏழாவது பத்தி ஒரே வாக்கியம். பதினைந்து நாட்களுக்குள் மேற்படித் தொகையைச் செலுத்தத் தவறும்பட்சத்தில் மேற்படிக் காணொளி சமூக வலைத்தளங்களிலும் தங்கள் விடுதியின் முன்பதிவுப் பக்கங்களிலும் தொலைக்காட்சிகளிலும் வெளியிடப்படும் என்பதையும், அதனால் தங்கள் தொழிலுக்கு நேரும் நட்டத்துக்குத் தாங்களே பொறுப்பு என்பதையும், தொகை செலுத்தப்படும்பட்சத்தில் மேற்படிக் காணொளி அழிக்கப்படும் என்பதோடு எந்த அதிகாரியிடமும் புகார் அளிக்கப்படமாட்டாது என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தேன். என் மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அவன் பணம் குடுத்துட்டா, அப்புறம் லாரி வந்து ஊத்திக்கிட்டே இருக்கலாமா?”

“அது வேற விஷயம். உனக்கு டிராஃப்டிங் புரியாது.”

“எனக்குப் புரியாதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அந்தத் தொனியை அறிந்திருந்தும், அதையும் ரிட்டர்ன் போட்டேன்.

மறுநாள் அந்த அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ‘மன உளைச்சல்’ வந்த இடத்தில் நிறுத்தினார்.

“அது இன்னா சார்?”

“மனசு கஷ்டப்பட்டதுக்கு.”

“அதுக்கெல்லாமா துட்டு? அப்ப என் வூட்டுக்காரரு எனக்கு எவ்ளோ தரணும்!” என்று சிரித்தார். ஏழாவது பத்தி முடிந்தபோது சிரிப்பு நின்றது. “அழிச்சிடுவோம்னு எழுதிக்கிறியே. குப்பம் முழுக்க எல்லார் போன்லயும் கீது சார் அது. பொய்யாய்டாதா?”

“அது ஒரு பயமுறுத்தலுக்கும்மா.”

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். என் வாயால். சட்டப் புத்தகம் இதே விஷயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

கையெழுத்து அவருடையதுதான் இருக்க வேண்டும் என்றேன். பாதிக்கப்பட்டவர் அவர் என்பதால் அதுதான் முறை. முறை சரிதான். என் பெயர் எங்கேயும் வராமல் இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும் சரிதான். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில், நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு, பேனாவை அழுத்திப் பெயர் எழுதினார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அருகிலேயே தபாலகம் இருந்தும் அங்கே போனதற்குக் காரணம், பழைய ஊரில் ஒரு காகிதத்தோடு நடப்பதில் இருந்த சுகம். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். எதிராளி ‘எனக்கு வரவில்லை’ என்று சொல்ல முடியாதபடி. சாதாரண ஆள் ஒருவன் கோபத்தில் போனில் கத்தியிருந்தால், யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு யாருக்கும் நிரூபிக்க முடியாது. நான் மிரட்டலை எழுத்தில் வைத்து, எண் போட்டு, கையெழுத்து வாங்கி, அரசாங்க முத்திரையோடு எதிராளியின் கையில் கொண்டு சேர்த்து, சேர்ந்ததற்கு ரசீதும் வாங்கினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தபோது அந்த அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவரும் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாக வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பணம் வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து அந்த அம்மாவுக்குப் போன் வந்தது. மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக ரிசார்ட் புகார் கொடுத்திருந்தது. வழக்காகப் பதியாமல், புகாருக்கு ரசீது மட்டும் போட்டு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் அவரைச் சாட்சி என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவராக உயர்த்திவிட்டிருந்தேன்.

அன்று வீட்டில் பழைய தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். மிரட்டிப் பறித்தல், பிரிவு 383. புதிய சட்டத்தில் அது 308. நான் ஓய்வு பெற்ற பிறகு மாறியது எண்கள்தான். காயம் என்றால் உடலுக்கு மட்டுமல்ல, நற்பெயருக்குச் செய்வதும் காயம்தான் என்பது பழைய புத்தகத்தில் நானே அடிக்கோடிட்டது. மனப்பாடமாகப் படித்திருக்கிறேன், பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன்.

அந்த அம்மாவோடு நானும் போனேன். அவர் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒரு முறை மட்டும் கேட்டார்: “உள்ள போட்ருவானுங்களா சார்?” இல்லை என்றேன். எனக்குத் தெரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “சார், நீங்க கோர்ட்ல இருந்தீங்கல்ல? வாரண்ட் திருப்ப வருவேன், நீங்கதான் வாங்குவீங்க. உட்காருங்க சார்.” நாற்காலி வந்தது. டீ வந்தது. எதிரில் ரிசார்ட் மேனேஜரும் அவர்களுடைய வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதை இழுத்துப் போட நான் எழவில்லை. டீயைக் குடித்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டீஸை மேசைமேல் விரித்தார்.

“இது யாரும்மா எழுதிக் குடுத்தது?”

“நான்தான்.”

“நீயா? ‘தவறும்பட்சத்தில்’னு எல்லாம் எழுத வருமா உனக்கு?”

“தவறுனா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியாதா? தெனம் கடலுக்குப் போற குடும்பம் சார்.”

“ஏய், நக்கலா? எத்தினியாவது படிச்சே?”

“அஞ்சாவது.”

“அஞ்சாவதுல இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா?”

“அப்ப வாத்தியாருங்க நல்லா இருந்தாங்க.”

காவலர் ஒருவர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், தாளைப் பார்த்துக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் தெரிந்துவிடும் என்று கவனமாக இருந்தார்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஓய்வூதிய விதிகள். ஓய்வு பெற்றவனின் எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டதே ஓய்வூதியம். கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றால் நிறுத்தி வைக்கலாம். உடந்தையாக இருந்து தூண்டியவனுக்கு எந்தப் பிரிவு, அது கடுமையான குற்றத்தில் சேருமா, சேர்ந்தால் முழுவதுமா, பகுதியா. ஒருவர் எனக்காக நின்றுகொண்டு பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் உட்கார்ந்துகொண்டு அத்தனை உட்பிரிவுகளையும் வரிசையாக நினைவுகூர்ந்தேன். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை.

வக்கீல் எழுந்து, “சார், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?” என்றார். முற்றத்தில், பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்துக் கிடந்த இடத்தில் நின்றோம். இவருடைய மனுக்களை நான் எத்தனையோ முறை திருப்பியிருக்கிறேன். ஒரு முறை ஓரம் அரை அங்குலம் குறைந்ததற்காக.

“எத்தனை அழகா மார்ஜின் விட்டிருக்கீங்க” என்றார்.

நோட்டீஸின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“ஒரு நல்ல கேஸைக் கெடுத்துட்டீங்களே சார். லாரி நம்பர் இருக்கு, வாட்ச்மேன் இருக்கான். ஆறு பத்தியோட நிறுத்தியிருந்தா, முதலாளிகிட்ட ‘பேசாம குடுத்துட்டு லாரிக்காரனை மாத்துங்க’ன்னுதான் சொல்லியிருப்பேன். ஏழாவதைப் படிச்சதும், ‘நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம், வாங்க ஸ்டேஷனுக்குப் போகலாம்’னேன். என் தொழில் சார் அது. தப்பா நெனைக்காதீங்க.”

“வீடியோவில இருக்கிறது உண்மைதானே?”

“உண்மைதான். யாரு இல்லைன்னா? உண்மையை வெளியிட்டா பொது நன்மைக்காகன்னு சொல்லலாம். கோர்ட்டுல இழுத்தடிப்போம், ஆனா கடைசில நீங்க தப்பிச்சிடுவீங்க. உண்மையை விக்கப் பார்த்தீங்கன்னா அது வேற செக்ஷன். காசு வந்தா அழிச்சிடுறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பொது நன்மைக்கு யாரு சார் விலை போடுவா?”

கேட்பது அந்த அம்மாவின் உரிமை. ஊருக்குச் சொல்வதும் உரிமை. ‘கொடுக்காவிட்டால் சொல்வேன், கொடுத்தால் சொல்லமாட்டேன்’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டவன் நான். பத்து நிமிடத்தில் அதை எனக்கு விளக்கியது, நான் ஓரம் போதாதென்று திருப்பி அனுப்பிய ஆள்.

“ரிட்டர்ன் போட்டு, சரி செஞ்சு மறுபடி தாக்கல் பண்ணுன்னு சொல்லலாம்னா, இதுல அந்த வசதி இல்லையே” என்று வருத்தத்தோடுதான் சொன்னார். பகையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் கையோடு ஒரு சமாதானக் கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அம்மா நோட்டீஸுக்கு வருத்தம் தெரிவிக்கிறார். வீடியோவை அழித்துவிடுவார். இழப்பீடு எதுவும் கேட்கமாட்டார். இந்த விஷயமாக எந்த அலுவலகத்திலும் புகார் கொடுக்கமாட்டார். ரிசார்ட் தன் புகாரை மேற்கொண்டு நடத்தாது. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்; போடாவிட்டால் வழக்கு.

அதிகாரியிடம் புகார் கொடுக்கமாட்டேன் என்று எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதே வாக்குறுதியை முதலில் விலைக்கு வைத்தவன் நான்தான் என்பதால், அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். நிலையத்துக்குள் வந்த பிறகு முதல் முறையாக.

“போட்டுடவா சார்?”

“போடுங்கம்மா.”

அதே எழுத்து. அதே அழுத்தம். அவர் முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார். “சாட்சிக்கு சாரே போடட்டும். சட்டம் தெரிஞ்சவரு.” போட்டேன். முதலெழுத்து, பெயர், ஓய்வு பெற்ற சிரஸ்தார் என்று அடியில் பதவி. நோட்டீஸில் வராத என் பெயர் இதில் தெளிவாக வந்தது.

மேனேஜர் அந்த அம்மாவிடம், “இனிமே இதெல்லாம் பண்ணாதீங்க” என்றார். அம்மா, “சரி சார்” என்றார். கடல் தண்ணீரில் சோப்பு நாற்றம் எப்படி வரும் என்று கேட்ட அதே வாய்.

ஒரு வாரம் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மீன் வரவில்லை. வேறொரு பெண் வந்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். லாரி வந்துகொண்டிருந்தது, காற்று வடக்கிலிருந்து அடித்தால் நாற்றம் எங்கள் வீடு வரைக்கும் வரும். என் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். அவள் கேட்ட கேள்விக்கு அந்த நாற்றமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டரிடம், அந்த நோட்டீஸை எழுதியவன் நான், அதை வாக்குமூலமாக எழுதித் தருகிறேன் என்றேன்.

“தெரியும் சார்” என்றார். “அன்னிக்கே தெரியும்.”

“அப்படின்னா ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.” சற்று நேரம் பேனாவை மூடியால் மூடித் திறந்தார். “இப்ப எழுதிக் குடுத்தீங்கன்னா நான் மூடினதைத் திறக்கணும் சார். திறந்தா முதல் பேரு அந்த அம்மா. ரெண்டாவதுதான் நீங்க. வேணுமா?”

வேண்டாம் என்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் கால வரம்பு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். அது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனக்கான வரம்பு, அந்த அம்மா அந்த அறையில் நின்றுகொண்டிருந்த நேரத்தோடு முடிந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, காசு எதுவும் கேட்காமல், என் பெயரில் ஒரு புகார் கொடுக்கலாமா என்று யோசித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். சமாதானக் கடிதத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட ஆள் மறுவாரமே புகார் கொடுத்தால், ரிசார்ட்காரர்கள் யார் தூண்டியது என்று நினைப்பார்கள், யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள் என்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. புகாரை எழுதினேன். ஒரு குறையும் இல்லாத புகார். மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான் என்று நினைத்தேன். கருவாட்டுக்கு ஆனதை, நான்கு மடங்காக இல்லாமல் அவர் முதலில் கேட்டபடி, ஓர் உறையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

பழைய மணலில் ஒருவரும் இல்லை. பெண்கள் சாலையோரமாக, தார் முடிகிற இடத்தில் வலை விரித்திருந்தார்கள். கார்கள் போகும்போதெல்லாம் புழுதி எழுந்து மீன்மேல் இறங்கியது. அம்மா குந்தி உட்கார்ந்து நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கவில்லை. சுருங்கியிருக்கலாம்.

“இன்னா சார், மீன் வேணும்னா சொல்லி அனுப்பிருந்தா வந்திருப்பேனே. இந்த வெயில்ல நடந்துகினு.”

உறையை நீட்டினேன். வாங்காமலே அது என்னவென்று புரிந்துகொண்டார்.

“எதுக்கு சார் இது? நீதான் எழுதுனேன்னு நான் வெளில சொல்லிடுவேன்னா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்திலிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் கொண்டுபோனது அதற்கல்ல என்று சத்தியம் செய்ய முடியுமா என்று அந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன். முழுக்க முடியவில்லை.

“அதுக்கு இல்லம்மா.”

“சொல்றதுக்கு இன்னா கீது? குப்பத்துல நாய்க்குக்கூடத் தெரியும், அஞ்சாங்கிளாஸ் படிச்சவ அப்டி எழுதமாட்டான்னு. ஒரு பேஜாரும் இல்ல. வுடு சார்.”

“இது உங்களுக்கு வர வேண்டியதும்மா. வாங்கிக்கோங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ரிசார்ட்டின் வேன் ஒன்று விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் போனது. அது வளைவு தாண்டும் வரை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மீன் வாசனை அடிக்கிற கையால், உறையைத் தொடாமல், என் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டித் தணிந்த குரலில் சொன்னார்.

“உள்ள வை சார், சீக்கிரம். யாராச்சும் பாத்தா, உன்னையும் நான் மிரட்டி வாங்குனேன்னு சொல்லப் போறானுங்க.”